முதல் சட்டி

முதலில் அது மாமனாரின் நாற்றம் என்றுதான் ஜெயப்பிரியா நினைத்தாள்.

நினைத்ததில் பெரிய தப்பில்லை. பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய், இரும்புக் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிற ஒருவர் இருக்கும் வீட்டில் எந்த நாற்றம் கிளம்பினாலும் பழி அந்தக் கட்டில்மேல்தான் விழும். சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் மட்டும் ரப்பர் விரிப்பைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். விரிப்பு உலர்ந்து கிடந்தது. காலையில் துடைத்த டெட்டால் வாசம்கூட இன்னும் போகவில்லை. ஆனால் அந்த வாசத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அது மலமும் இல்லை, மூத்திரமும் இல்லை. பானையில் மறந்துபோய்ப் புளித்த சோறும், கண்மாய் வற்றும்போது கடைசிச் சேற்றில் சாகிற கெளுத்தி மீனும், மழையில் நனைந்து காயாத சாக்கும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி, மூக்கில் ஏறுவதோடு நிற்காமல் நாக்கில் வந்து படிகிற நாற்றம். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். துப்பியும் போகவில்லை.

"என்ன மாமா, வயித்துக்குச் சேரலியா?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

கட்டிலிலிருந்து "ஆ" என்று வந்தது.

பசிக்கிறது என்று அர்த்தம். இப்போதுதான் ஒரு கிண்ணம் பருப்புச்சோறு குழைத்து ஊட்டிவிட்டுக் கை கழுவியிருந்தாள்.

மழையில் கண்மாய் நிறைந்ததிலிருந்து மாமனார் பிச்சையாவுக்குப் பசி தாங்கவில்லை. அதற்கு முன்னால் நாலு கரண்டி கஞ்சி உள்ளே போவதற்குள் பாதி வாயோரம் வழிந்து தலையணையை நனைக்கும். இப்போது கரண்டி உதட்டில் பட்டதும் ஈறு இரண்டும் மெத்தென்று அதைக் கவ்வி உறிஞ்சுகின்றன. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மெத்தென்ற இழுப்பு கரண்டிக் காம்பு வழியாகத் தன் விரலுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. இவ்வளவு தின்றும் விரிப்பு ஏன் நனைவதில்லை, உள்ளே போனதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருமுறை தோன்றியது. மாற்றுகிற வேலை மிச்சம் என்று அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டாள். புரட்டிப் போடும்போதுகூட ஆள் லேசாகத்தான் இருந்தார். அதுவும் புண்ணியம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

எப்படியோ, இந்த மனிதர் சாகக் கூடாது. அதிலும் கணவன் மணிராஜ் ஊரில் இல்லாத இந்தச் சமயத்தில் சாகவே கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. மணிராஜ் கிறிஸ்தவ சபை ஊழியர். இந்த வேப்பங்கரைப்பட்டிக்கு மாற்றலாகிக் கோடையில் வந்த புதிதில், பக்கத்துத் தெரு செல்வமாரி வீடு பார்க்க வந்தாள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். வாய் கொஞ்சம் நீளம். கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏன்க்கா கெடந்து லோல்படுதீங்க. ஒடம்பு பூரா நல்லெண்ணயத் தேச்சு, தலைக்கு நெறய ஊத்தி, எளநியக் குடுங்க. தானா அடங்கிரும். இந்தப் பக்கம் நடக்காததா?"

ஜெயப்பிரியா அவளைக் கடிந்துதான் அனுப்பினாள். ஆனால் ஒருநாள், மாற்றிய விரிப்பை உடனே மறுபடி மாற்ற நேர்ந்தபோது, "செல்வமாரி சொன்னதே தேவல போல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். திரும்பினால் வாசலில் மணிராஜ் நிற்கிறான். அன்றிலிருந்து எங்கே போனாலும் போன் வரும். "அப்பா சாப்பிட்டாவளா?" நீ சாப்பிட்டியா என்று ஒருநாளும் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். புருசன் மனதில் விழுந்த ஒன்றை எந்த மூடியைப் போட்டு மூடுவது? மாமனாரை உயிரோடு வைத்திருப்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த சாட்சி.

அவள் கெட்டவள் இல்லை. மூக்குதான் அவளுக்குச் சத்துரு. சின்ன வயதிலேயே பக்கத்தில் ஒருவர் சளி சிந்தினால் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். பிச்சையாவின் வாயும், எச்சிலும், இடுப்புப் புண்ணும் அவளால் பார்க்க முடியாதவை. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் மருந்து பற்றிக்கொண்டதில் வெந்து, மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒன்றாக ஒட்டிப்போன அவருடைய இடக்கையும் அப்படித்தான். அந்தக் கையால்தான் அவர் ஒரு சில்வர் டம்ளரைப் பிடித்துக் கட்டில் கம்பியில் தட்டிக் கூப்பிடுவார். டங், டங். அதனால் முகம் பார்க்காமலே எல்லாம் செய்யப் பழகியிருந்தாள். துடைப்பாள், ஊட்டுவாள், பவுடர் போடுவாள். கண் மட்டும் சுவரில் இருக்கும். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று கேட்டால் சொல்லிவிடுவாள்.

அந்த மூக்குதான் வேதக்கோயில் விஷயத்திலும் அவளை இழுத்துவிட்டது.

கோயில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்மாய்க்கரை மேட்டில் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம், வாசலுக்கு மேலே ஒரு மணி. பல சபைகளுக்குப் பொதுவான சேகரத்துப் பாதிரி ஐயர் எப்போதாவது வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் மணிராஜ்தான். சபை ஊழியர் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரே சுவர், ஐயர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறை வழியாக ஒரு கதவு. தாது வருசப் பஞ்சத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டிய கோயில் அது. பசித்து வந்த சனங்களுக்குக் கஞ்சியைக் கூலியாக ஊற்றிக் கண்மாயைத் தூர் எடுக்க வைத்தார். அவர்களை வைத்தே கரைமேட்டில் அஸ்திவாரமும் தோண்டினார். தோண்டிய இடமெல்லாம் முதுமக்கள் தாழி. கரிசலுக்குள் வரிசையாக, வாய் மேலே பார்த்தபடி.

அந்தத் தாழிகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. முன்னொரு காலத்துச் சனங்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ளை அளவுக்கு ஆகிவிடுமாம். மாடக்குழியில் தூக்கி வைத்தால் அங்கேயே உட்கார்ந்து வாயை மட்டும் திறந்து திறந்து மூடுமாம். பெற்ற பிள்ளைகளுக்கே பார்க்கச் சகிக்காமல், தாழிக்குள் இறக்கி, பக்கத்தில் சோறும் தண்ணீரும் வைத்து மூடிவிடுவார்களாம். பாதிரியார் இதை அஞ்ஞானம் என்று சொல்லித் தாழிகளை உடைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் கண்மாயில் கொட்டச் சொன்னார். கடைசித் தாழியில் கடப்பாரை பட்டபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் தன் பங்குக் கஞ்சியைச் சட்டியோடு கொண்டுபோய் அந்த வாயில் கவிழ்த்தாள். சத்தம் நின்றது. பாதிரியார் என்ன நினைத்தாரோ, அந்த ஒன்றை மட்டும் உடைக்காமல் விட்டு அதன்மேல் ஆல்டர் பீடத்தைக் கட்டினார்.

ஆல்டருக்குப் பின்னால் தரையில் தாழிக்கு இறங்குகிற ஒரு துவாரம் விடப்பட்டது. வருசா வருசம் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் நடக்கும்போது, வேதக்காரர், இந்து என்று பாராமல் ஊரே பந்தியில் உட்காருவதற்கு முன்னால், முதலில் இறக்கிய சோற்றுச் சட்டியும் கறிக்குழம்பும் அந்தத் துவாரத்துக்குத்தான் போகும். ஏன் என்று ஐயர்மாரும் கேட்டதில்லை, சபையாரும் சொன்னதில்லை. இதையெல்லாம் ஜெயப்பிரியாவுக்குச் சொன்னது செல்வமாரிதான். பண்டிகையில் சபை வரலாறு வாசிக்கிற பொறுப்பு ஜெயப்பிரியாவுக்கு வந்தபோது, அந்தப் பகுதியை விட்டுவிட்டு வாசித்தாள்.

வாசிப்பதற்கு முன்பே துவாரத்தையும் மூடியிருந்தாள். பண்டிகைக்குக் கோயிலைக் கழுவும்போது ஆல்டருக்குப் பின்னால் நாற்றம் தாங்காமல் மூடுகல்லை நகர்த்தினாள். துவாரத்தின் விளிம்பில் எத்தனையோ வருசத்துச் சோறு சுண்ணாம்புப் பத்தை மாதிரி அடுக்கடுக்காகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன்மேல் கரப்பான்கள் மீசையை ஆட்டிக்கொண்டு அப்பியிருந்தன. அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள். ஒன்று மட்டும் அப்போதே அவள் கண்ணில் பட்டது. விளிம்புக்குக் கீழே ஒரு பருக்கைகூட இல்லை. வழித்து நக்கிய தட்டு மாதிரி, மண்சுவர் பளபளவென்று இருந்தது. பெருச்சாளி வேலை என்று முடிவு கட்டினாள்.

கோயிலுக்கு டைல்ஸ் பதிக்க வந்த கொத்தனார் வேல்சாமியிடம் அதையும் அடைக்கச் சொன்னாள்.

"கொட்டக் கொட்ட ஜல்லி இறங்கிக்கிட்டே போவுதும்மா," என்றான் வேல்சாமி. "அடி எங்கன இருக்குன்னே தெரியல. மேல ஒரு கடப்பாக்கல்லப் போட்டு டைல்ஸ பதிச்சுருதேன்."

"பதிங்க. நாத்தம் வராம இருந்தாப் போதும்," என்றாள்.

அன்றைக்கு முழுக்கப் பிச்சையா டம்ளரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் பிறந்தது இந்தக் கரிசல்காட்டு ஊர் ஒன்றில்தான். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கலாம். ஜெயப்பிரியா மூன்று தடவை விரிப்பைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

அசனத்தன்று முதல் சட்டி நேராகப் பந்திக்குப் போனது. இலைக்கு முன்னால் உட்கார்ந்த செல்வமாரி சுற்றிலும் பார்த்தாள்.

"என்னக்கா, முதச் சட்டிய ஊத்தலியா?"

"அங்கன டைல்ஸ் போட்டாச்சு செல்வமாரி. எலியும் கரப்பானும். ஆண்டவரோட வீட்டுல அவ்வளவு அசிங்கம் இருக்கலாமா?"

"எலியா," என்றாள் செல்வமாரி. சிரிக்கவில்லை. "சரிக்கா. நீங்க படிச்சவிய." இலையில் விழுந்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனாள். கறிச்சோற்றை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்த கரிசல் தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பி, வெடிப்பையெல்லாம் மூடிக்கொண்டது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. மணிராஜ் கோவில்பட்டிக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தான். நாகலாபுரம் ரோட்டில் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போவதால் திரும்ப முடியவில்லை. கரைக்குக் கீழே இருந்த தெருக்காரர்கள் ஊருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். போகும்போது செல்வமாரி வந்து நின்றாள். "பெரியவர கட்டிலோட தூக்க ஆளு அனுப்புதேன், வாங்கக்கா," என்றாள். ஊர்ச்சனம் நிறைந்த ஒரே அறையில், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க, இவருக்கு விரிப்பு மாற்றுவதை நினைத்ததுமே ஜெயப்பிரியாவுக்குக் கூசியது. மேட்டுக்குத் தண்ணீர் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுகால் பாய்ந்த அன்று விடிந்தபோது டம்ளரைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே கரிசல்சேறு ஒரு கோடாக வெஸ்ட்ரிக் கதவு வரை போயிருந்தது. ஓடு ஒழுகி மண் கரைந்திருக்கும் என்று துடைத்துவிட்டாள். மாமனார் குளிரில் போர்வையைத் தாடை வரை இழுத்துக்கொண்டு கிடந்தார். அவள்தான் ஒரு துண்டை எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, தலையையும் காதையும் சேர்த்துச் சுற்றிவிட்டாள். அன்றிலிருந்துதான் இந்தப் பசி.

கரண்டும் அன்றுதான் போனது. பகலிலேயே வீட்டுக்குள் சாம்பல் இருட்டு. கண்மாய் அலை கரையில் மோதுகிற சத்தம், ஓட்டில் மழை, தவளை. இவற்றுக்கு நடுவே கோயிலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. டங், டங். மணியின் நாக்கு காற்றில் ஆடுகிறது என்று விட்டுவிட்டாள்.

நாற்றம் மட்டும் சாயங்காலத்தில் கூடியது. அரிசிப்பானையைத் திறந்தால் அது. தலைமயிரை முகர்ந்தால் அது. குடிக்க எடுத்த தண்ணீரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தது. கீழே கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

மென்றுகொண்டிருக்கிற சத்தம்.

கட்டிலிலிருந்து. நிதானமாக, ஈரமாக, பல் இல்லாத வாய் மெல்லுகிற சத்தம். கிண்ணம் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. வாயில் ஒன்றும் இல்லாமல் எதை மெல்லுகிறார்?

"மாமா?"

சத்தம் நின்றது. "ஆ."

அப்போது போன் அடித்தது. மணிராஜ், வீடியோவில் கூப்பிட்டான். சன்னல் பக்கம் நின்றால்தான் டவர் கிடைக்கும். அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது.

"அப்பா சாப்பிட்டாவளா?"

"நல்லா சாப்பிடுதாவ. ரெண்டு மடங்கு சாப்பிடுதாவ."

"காட்டு, பாப்போம்."

அந்தக் குரலில் இருந்த சந்தேகம் அவளுக்குத் தெரியும். போனைத் திருப்பிக் கட்டில் பக்கம் நீட்டினாள். வழக்கம்போலச் சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, நான் மணி. நாளைக்குத் தண்ணி வடிஞ்சதும் வந்துருதேன். இருட்டுல சரியாத் தெரியல, ஆனா முகம் தெளிவாத்தான் இருக்கு போல. பிரியா, ஒண்ணும் நெனச்சுக்காத. நல்லாத்தான் பாத்துக்கிடுத." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனை நாள். "ஏ, அப்பா கையத் தூக்கிக் காட்டுதாவ, பாரு. நெட்டு சரியில்ல போல. ஒட்டுன விரலு பிரிஞ்சு பிரிஞ்சு தெரியுது."

டவர் போய்விட்டது. கட்டிலைக் காட்டிய படம் திரையின் மூலையில் உறைந்து நின்றது.

அவள் திரையைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே நீட்டிய இடக்கை. விரித்த விரல்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தனித்தனியாக. நீளமாக. தீக்காயம் எங்கும் இல்லை. சுட்ட மண்ணைப் போல வழவழவென்று இருந்த தோல்.

நெட்டு சரியில்லை. அவன்தான் சொன்னானே, நெட்டு சரியில்லை.

ஆனால் பார்த்தே ஆக வேண்டும். இந்த வீட்டில் அவள் செய்யாதது அது ஒன்றுதான். கழுத்தைத் திருப்பினாள். கழுத்து வர மறுத்தது. திருப்பினாள்.

போர்வைக்குள் இருந்தது கட்டிலில் பாதிகூட இல்லை. ஆறடி மனிதர் கிடந்த இடத்தில், ஒரு பிள்ளை அளவுக்கு மேடு. அவள் சுற்றிய துண்டு அவிழ்ந்திருந்தது. உள்ளே ஊறவைத்துச் சுருங்கிய நெல்லிக்காய் மாதிரி ஒரு முகம். சுருக்கத்துக்குச் சுருக்கம் கரிசல். புருவம் இல்லை, இமைமயிர் இல்லை. வடித்த காது இரண்டும் தொங்கித் தலையணையில் கிடந்தன. பிச்சையாவுக்குக் கீழ்த்தாடையில் ஒற்றைப் பல் உண்டு. காவி ஏறிய பல். இந்த வாயில் ஈறு மட்டும்தான். கறுப்பு ஈறு. அதன் ஓரத்தில் அவள் ஊட்டிய மஞ்சள் பருக்கைகள்.

இதைத்தான் துடைத்தாள். இதற்குத்தான் பவுடர் போட்டாள். இதன் அக்குளில், தொடையிடுக்கில், வாய்க்குள் அவள் கை போய் வந்தது. வாயைப் பொத்தினாள், பொத்திய கையிலேயே அந்த நாற்றம்.

அது அவளையே பார்த்தது. சிரிக்கவில்லை, முறைக்கவில்லை. பசித்த பிள்ளை தாயைப் பார்க்கிற பார்வை.

"ஆ."

"இந்தா... இந்தா வாரேன் மாமா," என்று சொன்னது அவள் வாய்தான். பின்னாலேயே நடந்து வெஸ்ட்ரி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். வாசல் கட்டிலுக்கு அந்தப் பக்கம். ஓடுவதற்கு வழி கோயில் ஒன்றுதான்.

டங். டங்.

கோயிலுக்குள்ளே. மேலேயிருந்து இல்லை. கீழேயிருந்து.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மணி நாக்கு இல்லை. எந்தக் காலத்திலும் மணி நாக்கு இல்லை. சில்வர் டம்ளர். விரிப்பு நனைந்தால் ஒரு தட்டு, தண்ணீருக்கு இரண்டு. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இத்தனை நாளும், அடுத்த அறையில் உட்கார்ந்து, அதற்கு நெய் விட்டுப் பிசைந்திருக்கிறாள்.

டங். டங். தண்ணீர்.

கோயிலின் முன்கதவு எதிரே தெரிந்தது. திறந்தால் மழை, கரை, பள்ளிக்கூடம். கதவைப் பார்த்தாள். நாளைக்கு மணிராஜ் வருவான். அப்பா எங்கே என்பான். நல்லாத்தான் பாத்துக்கிடுத.

கல்லறை தோண்டுகிற கடப்பாரை வெஸ்ட்ரி மூலையில் சாத்தியிருந்தது. எடுத்தாள். போனில் டார்ச்சைப் போட்டு ஆல்டர்மேல் சாய்த்தாள். பின்னால் வெள்ளை டைல்ஸ் ஒரு கீறல் இல்லாமல், வேல்சாமி பதித்தது பதித்தபடி பளிச்சென்று இருந்தது. இதற்குக் கீழே ஒரு மனிதர் எப்படிப் போயிருக்க முடியும்? முடியாது. டங். அவள் காலுக்கு நேர் கீழே. உள்ளங்காலில் அதிர்ந்தது.

குத்தினாள். டைல்ஸ் தெறித்தது. மறுபடி. மறுபடி. நகம் பிய்ந்தது. கடப்பாக்கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, மொத்த உடம்பையும் போட்டு நெம்பினாள். கல் புரண்டது.

நாற்றம் வந்து முகத்தில் அப்பியது. கண் எரிந்தது. குனிந்து அங்கேயே வாந்தி எடுத்தாள். துடைத்துக்கொண்டு டார்ச்சைக் கீழே நீட்டினாள்.

தாழியின் வாய். கறுப்பும் சிவப்புமாக, தடித்த உதடு. உள்ளே கரிசல்சேறு, கொழகொழவென்று, மெல்லக் குமிழி விட்டுக்கொண்டு. சேற்றில் முழங்கால் இரண்டும் தாடையில் முட்ட மடித்து உட்கார வைத்த உடம்பு. தலை கவிழ்ந்திருந்தது. தோள் ஒரு சாண்தான் இருந்தது. ஒரு கை மட்டும் வெளியே. ஒட்டிய விரல்களுக்கு நடுவே டம்ளர்.

தட்டியது. டங்.

"மாமா." அழுகை வந்துவிட்டது. "மாமா, நான் பிரியா. கையக் குடுங்க. தூக்கிருதேன். கையக் குடுங்க மாமா."

குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டினாள். டம்ளர் நழுவிச் சேற்றில் விழுந்தது. வெந்த கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கி. கிழவருக்கு இல்லாத இறுக்கம். தலை மெதுவாக நிமிர்ந்தது. பிச்சையாதான். அவர் கண்தான். அவளை அடையாளம் தெரிந்த கண். அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை. அது சின்னதாகியிருந்தது. இன்னும் சின்னதாகிக்கொண்டிருந்தது. தாடையில் அந்த ஒற்றைப் பல், ஈறை விட்டுக் கழன்று, உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தார். சேறு வழிந்தது. வாய் திறந்துகொண்டே போனது. அவள் கையை உதறினாள். பிடி விடவில்லை. விரல் நுனிகளை ஈறு கண்டுபிடித்தது. மெத்தென்று கவ்வி, உறிஞ்சத் தொடங்கியது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. கதவு திறந்த சத்தமும் கேட்கவில்லை. டைல்ஸ் சில்லுகள்மேல் ஏதோ தவழ்ந்து வருகிற சரசரப்பு மட்டும்தான். அது முதுகில் ஏறியது. கைப்பிள்ளை எடைதான் இருந்தது. பிடரிக்கு மேலே ஈரமாக ஒரு வாய் திறந்தது. காலையில் அவள் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டிய பருப்புச்சோற்றின் வாசம் இளஞ்சூடாகக் கழுத்தில் இறங்கியது.

"ஆ."

ஜெயப்பிரியா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.